சிவப்பு நூல் கட்டிய சாவி

இந்த வாக்குமூலத்தை எழுதும்போது அறையில் இருப்பவர்கள் நான்கு பேர்: விசாரணை அதிகாரி, அவருடைய எழுத்தர், பெண் காவலர் ஒருவர், நான். என் கணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவரையும் உள்ளே அழைக்கலாமா என்று அதிகாரி கேட்டார். வேண்டாம் என்றேன். கதவைச் சாத்தச் சொன்னதும் நான்தான்.

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் உள்ளன. வயது நாற்பத்தாறு. வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள். பிரார்த்தனைப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் எழுதப் பழகினேன். எழுத்தர் எழுதிக்கொள்வதாகச் சொன்னார், ஆனால் என் கையால் எழுதித் தர அனுமதி கேட்டு வாங்கினேன்.

எங்களுடையது சோப்புத் தூள் செய்யும் தொழிற்சாலை. கீழே வேலை நடக்கிறது, மேலே நாங்கள் குடியிருக்கிறோம். என் கணவரும் அவருடைய தம்பியும் சேர்ந்து நடத்துகிறார்கள். வீட்டு வரவு செலவோடு தொழிற்சாலையின் சில்லறைச் செலவையும் நான் எழுதி வருகிறேன். தூள் கலக்கும் பெரிய தொட்டியைப் பார்த்துக்கொள்பவர் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பிருந்தே அங்கே வேலை செய்கிறார். எல்லோரும் அவரைப் பெரியவர் என்பார்கள். நான் அண்ணன் என்பேன்.

தொட்டிக்குள் ஆள் நீளத்துக்கு இரும்புத் தகடு சுழலும். காற்றில் ஈரம் இருக்கும் நாட்களில் தூள் கட்டிதட்டி ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்போது அண்ணன் சுவரில் உள்ள மின் சுவிட்சை அணைத்து, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே இறங்கிச் சுரண்டுவார். சாவி அவர் இடுப்பில் இருக்கும்வரை இயந்திரம் ஓடாது. அந்தச் சாவியில் அவர் சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தார். இறங்காத நேரத்தில் அது சுவிட்சுக்குப் பக்கத்துக் கொக்கியில் தொங்கும்.

சென்ற வருடம் என் கொழுந்தனார் வேலை முறையை மாற்றினார். கையில் கடிகாரத்தோடு பல நாள் கீழே நின்று, எங்கே இயந்திரம் சும்மா நிற்கிறது, எங்கே ஆள் சும்மா நிற்கிறார் என்று குறித்தார். அதன் பிறகு தானாக எடை போட்டுக் கொட்டும் இயந்திரமும், மூட்டை நகர்த்தும் பட்டையும் வந்தன. கலவைத் தொட்டியைச் செல்போனிலிருந்தே ஓட்டவும் நிறுத்தவும் புதிய பெட்டி ஒன்று பொருத்தினார்கள். அதைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. தூள் வீணாவது குறைந்தது, பெண்கள் மூட்டை தூக்கி முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காருவது நின்றது, இருமல் மருந்துச் செலவுகூடக் குறைந்தது. செலவுக் கணக்கை எழுதியவள் நான், எனக்குத் தெரியும்.

பெட்டி பொருத்திய அன்று டீ கொடுக்கக் கீழே போனேன். எலக்ட்ரீசியன் சுவரில் இருந்த பழைய சுவிட்சைக் காட்டி, "இதுக்கு இனிமே வேலையே இல்ல சார், புது லைன் வேற வழியா வருது. கழட்டிடவா?" என்று கேட்டார். அதற்குக் கொழுந்தனார், "இருந்துட்டுப் போகட்டும்பா. கழட்டினா பெரியவர் நூறு கேள்வி கேப்பாரு. சாவிய இடுப்புல செருகிக்கிட்டாத்தான் அவருக்கு ஒரு திருப்தி" என்றார். எலக்ட்ரீசியன் சிரித்தார், என் கணவரும் சிரித்தார். அண்ணன் அப்போது லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சுக்கு என்ன பொருள் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. இனி உள்ளே இறங்கவே வேண்டியிருக்காது, காற்றடித்தே தூளை உதிர்த்துவிடலாம் என்று கொழுந்தனார் சொல்லியிருந்தார். ஆனால் ஈரக் காலத்தில் காற்றுக்குத் தூள் உதிரவில்லை, அண்ணன் பழையபடி இறங்கிக்கொண்டுதான் இருந்தார்.

சம்பவம் நடந்தது சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம். மழை தூறிக்கொண்டிருந்தது. மொத்த வியாபாரி ஒருவர் சாப்பிட வந்திருந்ததால் பின்கட்டிலிருந்து வாழை இலை எடுக்கப் படியிறங்கினேன். அண்ணன் சுவிட்சைப் பூட்டிக்கொண்டிருந்தார். "சாப்பிட்டுட்டு இறங்கக் கூடாதாண்ணே?" என்று கேட்டேன். இடுப்பைத் தட்டிக் காட்டி, "சாவி இங்க இருக்கு தங்கச்சி. எமனே வந்தாலும் என்கிட்ட கேட்டுத்தான் சுவிட்ச போடணும்" என்று சொல்லிவிட்டு ஏணியில் கால் வைத்தார். சிவப்பு நூல் வேட்டிக்கு வெளியே தொங்கியதை நான் பார்த்தேன்.

அதன் பிறகு மேலே வந்து பரிமாறினேன். கொழுந்தனார் செல்போனை எடுத்து வியாபாரியிடம், "கீழ ஒரு ஆள் இல்ல, எல்லாரும் சாப்பாட்டுக்குப் போயாச்சு. இங்க உக்காந்துக்கிட்டே ஓட்டிக் காட்டறேன் பாருங்க" என்றார். அவர் அழுத்தியதை நான் பார்த்தேன். தரை லேசாக அதிர்ந்தது. வியாபாரி, "அடேயப்பா, சோத்துக் கைய கழுவாமலே கம்பெனி ஓடுதே!" என்றார். என் கையில் குழம்புக் கரண்டி இருந்தது. சாவி அண்ணன் இடுப்பில் இருக்கும்போது இது எப்படி ஓடுகிறது என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் கீழே பேக்கிங் வேலை பார்க்கும் அம்மா போட்ட சத்தம் கேட்டது. அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்து இயந்திரத்தை நிறுத்தியவர் அவர்தான்.

அதன் பிறகு கொழுந்தனாரே தொட்டிக்குள் இறங்கி அண்ணனைத் தூக்கினார். கொழுந்தனார் மேலெல்லாம் வெள்ளைத் தூளும் ரத்தமுமாக இருந்தது, குழாயடியில் வாந்தி எடுத்தார். அதையும் எழுதுகிறேன், ஏனென்றால் அவர் கெட்டவர் இல்லை. அண்ணனைக் கிடத்தி வேட்டியைக் கத்தரித்தபோது சாவி என் காலடியில் விழுந்தது. தண்ணீர் பட்ட இடத்தில் தூள் நுரைத்திருந்தது. சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். அன்றே ஆஸ்பத்திரியில் அண்ணனுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை அதிகாரிகள் வந்து படம் எடுத்தபோது கொக்கியில் ஒரு சாவி தொங்கியது. அதில் சிவப்பு நூல் இல்லை. எங்கள் பீரோவில் ஒரு மாற்றுச் சாவி இருந்தது, போய்ப் பார்த்தேன், காணவில்லை. யார் எடுத்து மாட்டினார்கள் என்பதை நான் பார்க்கவில்லை. பார்க்காததை எழுத மாட்டேன்.

அன்று மாலை வக்கீல் என் பேரில் ஒரு தாள் தயார் செய்து கொண்டுவந்தார். பெரியவர் சுவிட்சைப் பூட்டாமல், சாவியைக் கொக்கியிலேயே விட்டுவிட்டு அஜாக்கிரதையாக இறங்கினார் என்று அதில் இருந்தது. நான் பேனாவைத் தொடவில்லை. என் கணவர் என்னைத் தனியாக அழைத்து, "தம்பி உள்ள போயிட்டா அவன் பிள்ளைங்களுக்கு யாரு இருக்கா? நீ பொய் ஒண்ணும் சொல்ல வேணாம். சாவியப் பத்திக் கேட்டா தெரியாதுன்னு சொல்லு, போதும்" என்றார். "அது பொய் இல்லாம வேற என்னங்க?" என்று கேட்டேன். அதன் பிறகு இரண்டு நாள் அவர் வீட்டில் சாப்பிடவில்லை. கொழுந்தனார் மட்டும் என் அறை வாசலில் வந்து நின்று, "அண்ணி, கீழ யாரும் இல்லைன்னுதான் நெனச்சேன்" என்றார். அதை நான் நம்புகிறேன். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேற்று கணவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணனின் மனைவி தலைமாட்டில் இருந்தார். அண்ணன் என்னைப் பார்த்ததும் கால் வலிக்கிறது என்றோ, இனி எப்படிப் பிழைப்பது என்றோ சொல்லவில்லை. "தங்கச்சி, நீ பாத்தியே, நான் சாவிய எடுத்தேனா? எடுத்த மாதிரிதான் ஞாபகம். கொக்கியிலதான் தொங்குச்சுன்னு போட்டோ காட்டறாங்க. இத்தனை வருஷத்துல மறந்ததே இல்லையே. எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?" என்று கேட்டார். ராத்திரியெல்லாம் இதையேதான் கேட்கிறார் என்று அவர் மனைவி சொன்னார். என் கணவர் என் தோள்மேல் கை வைத்திருந்தார். நான் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டேன்.

இன்று காலை விளக்கேற்றிக் கும்பிட நின்றேன், வாயில் ஒரு வரிகூட வரவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்த சாவியை எடுத்துக்கொண்டு இங்கே வந்தேன். கணவர் பின்னாலேயே வந்தார்.

கைக்குட்டையில் சுற்றிய அந்தச் சாவியை நூலோடு அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டேன். அதைக் கழுவவில்லை. என் கண் பார்த்ததும் என் காது கேட்டதும் தவிர இதில் வேறு எதுவும் இல்லை. யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. ஒரு முறை படித்துப் பார்த்து, தாளுக்குத் தாள் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

வழக்கு எப்போது முடியும் என்று நான் கேட்கவில்லை. சாவி இடுப்பில்தான் இருந்தது, அது இப்போது உங்களிடம் பத்திரமாக இருக்கிறது என்று அண்ணனிடம் நானே போய்ச் சொல்லலாமா? ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் ஆறு மணியோடு முடிந்துவிடும். தயவுசெய்து அதற்கு முன்பாக ஒரு பதில் சொல்லுங்கள். வெளியே பெஞ்சில் காத்திருக்கிறேன்.

(கையொப்பம்)