தறி யாருடையது என்று கேட்ட பேராசிரியர் மங்கையர்க்கரசி அவர்களுக்கு

கச்சி மாநகரின் கலங்காச் சட்டப் பேரறிவே! எவர் மிரட்டியும் எடுத்த எழுதுகோலை இறக்கி வைக்காத எங்கள் பெருமாட்டியே! இருபத்திரண்டு ஆண்டுகள் எங்களோடு ஒரே ஆசிரியர் அறையில் அமர்ந்து இன்று ஓய்வு பெறும் பேராசிரியர் மங்கையர்க்கரசி அம்மையீர்! வணக்கம்.

வாழ்த்துமுன் ஒரு விளக்கம். இவ்விழா நம் மாலைநேரச் சட்டக் கல்லூரியின் மண்டபத்தில் நடந்திருக்க வேண்டும். இம்மடலில் வரும் கலியன் வழக்கை நீக்கிவிட்டால் மண்டபம் தருவோம் என்றது நிர்வாகக் குழு. நாங்கள் நீக்கவில்லை. ஆகவே பெரிய காஞ்சிபுரத்து நெசவாளர் சங்கக் கட்டடத்தில், சாயத்தொட்டியின் வாடை வீசும் கூடத்தில், தங்களைப் போற்றுகிறோம். இதனால் தங்கள் பெருமைக்குக் குறைவொன்றும் இல்லை; எங்களுக்கும் இல்லை.

கல்லூரி தொடங்கிய 1952இல் தாங்கள் பணியேற்றீர்கள். குற்றவியல் சட்டம் நடத்த ஒரு பெண்ணா என்று பின்வரிசையில் எழுந்த முணுமுணுப்பு முதல் வாரத்திலேயே அடங்கியது. மாணவர் அடங்கினர், நிர்வாகம்தான் அடங்கவில்லை.

1967ஆம் ஆண்டின் ஒரு மாலை, ஐயம்பேட்டையிலிருந்து பூவம்மாள் என்பவர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். அவர் கணவர் கலியன், பட்டு முதலாளி ஒருவரிடம் பாவு நூலும் ஜரிகையும் பெற்றுத் தம் வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்தவர். சங்கத்தில் சேர்ந்த குற்றத்துக்காக, பாதி நெய்த சேலையோடு பாவு நூலை அறுத்தெடுத்துப் போயினர் முதலாளியின் ஆட்கள். தொழிலாளர் நீதிமன்றமோ, கலியன் தொழிலாளியே அல்லர் என்று வழக்கைத் தள்ளிவிட்டது.

"தறி உன் ஊட்ல தானே இருக்குது, அப்பால உனக்கு ஏது முதலாளின்னு கேக்கறாங்கம்மா. இதுக்கு இன்னா பதில் சொல்றது?" என்றார் பூவம்மாள்.

தெரியவில்லை, தேடிப் பார்க்கிறேன் என்றீர்கள். ஓராண்டு தேடினீர்கள். சென்னை நூலகங்களில் தீர்ப்புத் தொகுதிகளைப் புரட்டினீர்கள். நெசவாளர் வாழும் பிள்ளையார்பாளையத் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கினீர்கள். பிறகு நம் கல்லூரியின் சட்ட ஆய்விதழில் எழுதினீர்கள்: தறி எவர் வீட்டில் நிற்கிறது என்பது கேள்வியன்று, பாவும் நிறமும் கரையும் முந்தியும் முடிக்க வேண்டிய நாளும் எவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவை என்பதே கேள்வி. கட்டளையிடுபவர் முதலாளி, கட்டுப்படுபவர் தொழிலாளி.

இதழ் அச்சாகி வந்த வாரமே குழு கூடியது. பட்டுக்கடை உரிமையாளரான தலைவர் தங்களைப் பார்த்து, "காலேஜிக்குக் கூரை போட்டதே எங்க தறிதாம்மா. அதையே குத்தம்னு எழுதறீங்களா?" என்று கேட்டார்.

"மேற்கோள்ல தப்பு இருந்தா காட்டுங்க, திருத்தறேன். உங்களுக்கு நஷ்டம் வருதுன்றதால என் கட்டுரை தப்பாயிடாது" என்றீர்கள்.

பிழை காட்ட அங்கு எவராலும் இயலவில்லை. இதழ்களைக் கிடங்கில் வைத்துப் பூட்டத்தான் இயன்றது. தாங்கள் கலங்கினீர்களா? கரும்பலகையின் முன் நின்று, அக்கட்டுரையையே அவ்வாண்டின் பாடமாக நடத்தினீர்கள். அச்சடித்ததைப் பூட்டலாம், அம்மையீர்; அறிவித்ததைப் பூட்ட எந்தக் கொல்லன் சாவி செய்தான்!

அவ்வகுப்பில் அமர்ந்திருந்த சிட்டிபாபு வழக்கறிஞரானதும், முதல் வேலையாகக் கலியன் வழக்கை மேல்மன்றத்துக்குக் கொண்டுபோனார். தங்கள் வாதத்தை வரி பிசகாமல் எடுத்துரைத்தார். 1971இல் தீர்ப்பு வந்தது: கலியன் தொழிலாளியே, அவரை நீக்கியது செல்லாது. மறுவாரம் அவர் தறியில் புதுப்பாவு ஏறியது. தங்கள் பெயர் அத்தீர்ப்பில் இல்லை. தங்கள் வாதம் முழுவதும் இருக்கிறது.

வென்றதற்கான தண்டனையும் வந்தது. இருமுறை கல்லூரி முதல்வர் நாற்காலி காலியானது. இருமுறையும் தங்களினும் இளையவரே அமர்த்தப்பட்டார். நாற்காலி போனாலென்ன, நூலகம் இருக்கிறதே என்று தாங்கள் சிரித்தீர்கள். நாங்கள் சிரிக்கவில்லை. அநீதியை அநீதி என்று அன்றே குழுவுக்கு எழுதிக் கொடுத்தோம். இன்று ஊரறியச் சொல்கிறோம்.

கற்பிப்பவர் ஆராயவும் வேண்டும், ஆராய்ந்ததை அஞ்சாது எழுதவும் வேண்டும் என்பதைத் தங்களிடம்தான் கற்றோம். அடிக்குறிப்பில் ஓர் ஆண்டு பிசகினாலும் எங்கள் கட்டுரைகள் சிவப்பு மையோடு திரும்பி வந்தன. சில நாள் தங்கள்மேல் எங்களுக்குக் கோபமும் வந்தது. அந்தச் சிவப்பு மையில் தேறித்தான், கூலி உழவரின் குடியிருப்பு உரிமை பற்றி நம் சாமுவேல் இன்று எழுதிக்கொண்டிருக்கிறார். அதையும் வெளியிட வேண்டாம் என்கிறது குழு. வரும் இதழில் முதல் கட்டுரை அதுதான்.

ஓய்வு உடலுக்கு மட்டும் ஆகுக! நோயற்ற நெடுவாழ்வும், மங்காத கண்ணொளியும், நடுங்காத கையும் தங்களுக்கு வாய்க்கட்டும். நெசவாளர் சட்டம் குறித்துத் தொடங்கிய பெருநூலைத் தாங்கள் முடிக்க, நாங்கள் அதைப் பாடமாக நடத்துவோம்.

இம்மடலில் கையெழுத்திடுவோரின் பெயர்களைக் குறித்துக்கொள்வோம் என்று குழு சொல்லியனுப்பியுள்ளது. குறித்துக்கொள்பவருக்குச் சிரமம் வேண்டாம்; தெளிவாகவே எழுதியிருக்கிறோம்.

மா. திருஞானசம்பந்தம், ஒப்பந்தச் சட்டம்
த. சாமுவேல், சொத்துச் சட்டம்
வெ. ராஜவேலு, சான்றுச் சட்டம்
பா. கிருஷ்ணவேணி, நூலகர்
ந. அப்பாதுரை, அலுவலக ஊழியர்

காஞ்சிபுரம், மே 1974