தொண்ணூற்றுமூன்று சதவீதம்

காப்பி நீர்த்துப்போயிருக்கிறது என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஷெரிப் அலுவலகத்து விசாரணை அதிகாரி ப்ரூன்ஸ் நல்ல மனிதர். அவர் முதல் முறை கேட்டபோது வேண்டாம் என்றேன். இரண்டாம் முறை, எனக்காகச் சிரமப்படாதீர்கள் என்றேன். மூன்றாம் முறை, எப்படியும் போடப்போகிறீர்கள் என்றால் அரைக் கோப்பை என்றேன். முழுக் கோப்பை கொண்டுவந்தார். இந்தப் பக்கத்துப் பிள்ளை என்று அதிலேயே தெரிந்துவிட்டது. வடக்கு மினசோட்டாவில் முதல் முறை கேட்டவுடனே தலையாட்டுகிறவரை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இருபது வருடம் கழித்து அவருடைய இறுதிச் சடங்கில் ஞாபகமாகச் சொல்வார்கள்.

முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார். முதல் என்றால் எங்கள் ஊர்க் காற்றுதான். ஜனவரியில் அதில் ஈரம் என்பதே இருக்காது. கதவுப் பிடியைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கும், உதடு வெடிக்கும், மர நாற்காலி உட்காரும்போது முனகும். மருத்துவமனை அறுவை அரங்குக்கும் காகிதக் கிடங்குக்கும் அது ஆகாது. அதனால் எரிவாயுவில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, நீராவியைக் கட்டடத்துக் காற்றில் கலக்கும் ஈரமூட்டி இயந்திரங்களை இருபத்தாறு வருடமாக வடிவமைத்து வருகிறேன். என் பெயர் ஆர்டிஸ் ஃபியெல்ஸ்டாட். ஐம்பத்தெட்டு வயது. எனக்குக் கோபம் வந்து பார்த்தவர்கள் இல்லை.

என் மேலாளர் கோர்டி, நான் செய்த முதல் இயந்திரத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு எங்களிடம் கிடையாது. மூன்றாவது இயந்திரத்தைப் பார்த்து, வித்தியாசமாக இருக்கிறது என்றார். அதைவிடப் பெரிய திட்டும் எங்களிடம் கிடையாது. அன்று நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

எரிகிற வாயுவின் சூட்டில் நூற்றுக்கு எண்பது பங்குதான் தண்ணீரை ஆவியாக்கும். மீதி இருபது புகைக்குழாய் வழியாக வானத்துக்குப் போய்விடும். என் வாழ்க்கை அந்த இருபதோடுதான் கழிந்தது. என் கணவர் லைல் உயிரோடு இருந்தபோது, நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தால், "அந்த இருபதுக்கும் ஒரு தட்டு வைக்கவா, ஆர்டிஸ்?" என்று கேட்பார். நான் சிரிப்பேன். பிறகு மறுபடியும் சுவரைப் பார்ப்பேன்.

கடைசியாகச் செய்த இயந்திரத்தில் அந்த இருபதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து வைத்தேன். வெளியேறும் புகையை, குளிர்ந்த தண்ணீர் உள்ளே வரும் குழாயைச் சுற்றிப் போகவிட்டேன். தண்ணீர் இலவசமாகச் சூடாகும். ஆனால் குளிர்ந்த குழாயைத் தொட்டதும் புகை வியர்க்கும், அந்த வியர்வை அமிலம், எஃகை அரிக்கும். தெரியும். நெருப்புக்குக் கொடுக்கும் காற்றைக் குறைத்தேன், ஏனென்றால் தேவைக்கு மேலான காற்று சூட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடும். காற்று போதாத நெருப்பு கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். அதுவும் தெரியும். அந்த நச்சுவாயு எப்படியும் புகைக்குழாய் வழியாக வெளியேதானே போகப்போகிறது.

விசிறியைப் பற்றி ப்ரூன்ஸ் திரும்பத் திரும்பக் கேட்டார். அவருக்கு விளக்கினேன். புகையை மறுமுனையிலிருந்து இழுக்கும் விசிறி வைக்கலாம், இந்த முனையிலிருந்து தள்ளும் விசிறியும் வைக்கலாம். இழுத்தால், குழாயில் ஓட்டை விழுந்தாலும் நீராவிதான் புகைக்குள் போகும். யாருக்கும் கெடுதல் இல்லை. தள்ளினால் புகை நீராவிக்குள் வந்துவிடும். நீராவி எங்கே போகிறதோ அங்கே அதுவும் போகும். தள்ளும் விசிறியில் எனக்கு ஒன்றரைச் சதவீதம் கூடக் கிடைத்தது. அதனால் தள்ளினேன்.

தொழிற்சாலைச் சோதனையில் எண்பத்தெட்டு வந்தது. கோர்டி பரவாயில்லை என்றார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மேலே இருப்பவர்கள் தொண்ணூறு கேட்கிறார்கள் என்றார். உண்மையான ஒரு கட்டடத்தில், நிறுத்தாமல் முப்பது நாள் ஓடி, சராசரி தொண்ணூறு வர வேண்டும். வராவிட்டால் எரிவாயுப் பிரிவை மூடிவிட்டு, வேறு யாரோ செய்யும் இயந்திரத்தை வாங்கி நம் பெயரை ஒட்டிக்கொள்வார்கள். நடுவில் நின்றால் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். மார்ச் வந்துவிட்டால் காற்றே ஈரமாகிவிடும், சோதனை செய்ய முடியாது. அடுத்த குளிர்காலம்வரை அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

எங்கள் லூத்தரன் தேவாலயத்தில் மரக்குழல் ஆர்கன் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு குளிர்காலமும் அதன் மரம் காய்ந்து விரிசல் விடும். சில சுரங்கள் எழும்பாது, சில சுரங்கள் அழுத்தாமலே ஊதும். அதை வாசிக்கிறவள் லவோன் ஹெக்லண்ட். பதினான்கு வயதில் தேவாலயத்துத் திடப்படுத்தல் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். பிரசங்கம் நீளும்போது பாஸ்டரின் இருமலுக்குச் சரியாக ஒரு சுரத்தை லேசாகத் தொட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். மேலே படியேறிப் போகும் ஆர்கன் மாடத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் என் இயந்திரத்தைப் பொருத்தினோம். நீராவி நேராக மாடத்துக்குள் போகும். தாழ்ந்த கூரை, ஒரே கதவு. லவோன் தினமும் மதியம் இரண்டு மணியிலிருந்து நான்குவரை அங்கே பயிற்சி செய்வாள்.

"உன் கெட்டிலுக்கு இன்னைக்கு ஒடம்பு எப்படிடி இருக்கு?" என்று கேட்டபடிதான் படியேறுவாள்.

ஒரு வாரத்தில் ஆர்கன் தேறிவிட்டது. பத்து வருடமாக ஊமையாக இருந்த ஒரு தாழ்ந்த சுரம் திரும்ப வந்தது. அவள் அதை மறுபடியும் மறுபடியும் அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. என்னைப் பார்த்து, பரவாயில்லை என்றாள்.

முதல் பத்து நாளும் எண்பத்தெட்டுதான். பதினோராம் நாள் தொண்ணூற்றைந்தரைக்குப் போனது. இறங்கவில்லை. எண்கள் தாமாக ஏறாது என்பது எனக்குத் தெரியும். ஏணியில் ஏறி, காற்றுக்குழாயில் அளவுமானியை நீட்டிப் பார்த்தேன். நீராவியோடு நச்சுவாயு வந்துகொண்டிருந்தது. அமிலம் எங்கோ ஒரு வெல்டிங்கைத் தின்றுவிட்டிருந்தது. அப்போது கொஞ்சம்தான். ஏணியை மடித்து வைத்தேன். அடுத்த நாளிலிருந்து சிறிய அளவுமானி ஒன்றை என் சட்டைக் காலரில் மாட்டிக்கொண்டேன். அதன் பீப் ஒலி பயிற்சிக்கு இடைஞ்சலாக இருக்கும் என்பதால் ஒலி வரும் துளையை டேப் போட்டு ஒட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவினர் மாடத்தில் நின்று கொட்டாவி விட்டார்கள். எங்கள் சபையில் அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. லவோனின் கன்னங்கள், அந்த வாயு ரத்தத்தில் ஏறினால் சிவப்பதுபோல, ரோஜா நிறத்துக்கு வந்திருந்தன. ஈரக்காற்று அவளுக்கு நன்றாக ஒத்துக்கொள்கிறது என்று பாஸ்டர் எல்லார் முன்னாலும் சொன்னார். அவள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

இருபதாம் நாள் அவள் படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை கொஞ்சம் வலிக்கிறது என்றாள். எங்கள் ஊரில் கொஞ்சம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா. லைல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதற்கு முன்னால் கொஞ்சம் அஜீரணம் என்றுதான் சொன்னார்.

"மெஷின ஒரு நாள் நிறுத்திப் பாக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்டி. காப்பி குடிச்சாப் போயிடும்."

"நெஜமாத்தான் கேக்கறேன். நிறுத்திடவா?"

"எனக்காக எதுக்கு? உன் முப்பது நாள் என்னாகறது?"

அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள். மெதுவாக, ஒவ்வொரு விரலாக. பிறகு என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"சரி அப்போ," என்றேன் நான்.

அவளும் சரி அப்போ என்றாள். கார் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மாநிலத் தலைநகரிலிருந்து வந்திருந்த நிபுணர் ஒருவரும் விசாரணையில் உட்கார்ந்திருந்தார். நிறுத்தவா என்று நீங்கள் கேட்டீர்கள், லவோனே இரண்டு முறை மறுத்துவிட்டார், அப்படித்தானே என்று குறித்துக்கொண்டார். ப்ரூன்ஸ் எழுதவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார்.

"மூணாவது தடவ கேட்டீங்களா, ஆர்டிஸ்?"

இல்லை என்றேன். மூன்றாவது முறை கேட்டிருந்தால் அவள் சரி என்றிருப்பாள். அதற்குத்தான் நின்றாள். எனக்கும் தெரியும். இரண்டு முறை கேட்டது மரியாதை. மூன்றாவது கேட்டால் உண்மையிலேயே நிறுத்த வேண்டியிருக்கும். இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அவள் திடமானவள். கார் கிளம்பாத நாளில் பனிச்சறுக்குப் பலகை கட்டிக்கொண்டு இரண்டு மைல் வந்து வாசிக்கிறவள். தாங்கிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். எந்த வடிவமைப்பிலும் ஏதாவது ஒரு பாகம் தாங்கும் என்று நம்பித்தான் ஆக வேண்டும்.

பிப்ரவரி ஏழாம் தேதி கடைசி நாள். மாலை ஐந்து பத்துக்கு முப்பது நாள் முடியும். அன்று மதியம் மாடத்தில் என் காலரில் இருந்த அளவுமானி, வீட்டு நச்சுவாயு அலாரங்கள் அலறத் தொடங்கும் அளவைப்போல முப்பது மடங்கு காட்டியது. நான் கீழே, வாசல் கதவை லேசாகத் திறந்துவைத்துக்கொண்டு, மேலங்கியோடு உட்கார்ந்து அளவுகளை எழுதிக்கொண்டிருந்தேன். லவோன் மேலே வாசித்துக்கொண்டிருந்தாள். ஈஸ்டருக்கான பாட்டு. இரண்டு இருபத்தைந்துக்குப் பாட்டு நின்றது. ஒரே ஒரு சுரம் மட்டும் நிற்காமல் ஒலித்தது.

ஆர்கனில் விரலை எடுக்கும்வரை சுரம் ஓயாது. ஐந்து நிமிடம் கேட்டேன். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே போனேன். அவள் இசைத்தாள் பலகையில் நெற்றியைச் சாய்த்திருந்தாள். ஒரு கை கட்டைகளின் மேல் கிடந்தது. மூச்சு இருந்ததா என்று ப்ரூன்ஸ் கேட்டார். கவனிக்கவில்லை என்று முதலில் சொன்னேன். கவனித்தேன். இருந்தது. அவள் விரலைக் கட்டையிலிருந்து எடுத்து மடியில் வைத்தேன். நாற்காலியில் கிடந்த சால்வையைத் தோளில் போர்த்தினேன். அவளுக்குத் தோள் சீக்கிரம் குளிர்ந்துவிடும். கதவைச் சாத்திக்கொண்டு கீழே வந்தேன். திறந்து வைத்தால் ஈரம் வெளியேறி, அளவு கலைந்துவிடும்.

அவள் நான்கு மணிவரை உயிரோடு இருந்திருப்பாள் என்று மருத்துவர் சொன்னாராம். ப்ரூன்ஸ் இதை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஐந்து பத்துக்குக் கடைசி அளவை எழுதி, சராசரி எடுத்தேன். தொண்ணூற்றுமூன்று. அடியில் கோடு போட்டேன். இயந்திரத்தை நிறுத்தினேன், ஜன்னல்களைத் திறந்தேன், ஆம்புலன்சை அழைத்தேன். அந்த வரிசையில்தான். எதையும் மறைக்கவில்லை.

ப்ரூன்ஸ் இதையெல்லாம் தட்டச்சு செய்து மூன்று பக்கமாகக் கொண்டுவந்தார். ஓட்டை இருப்பது எனக்குத் தெரியும் என்பது முதல் பக்கத்தில். கையெழுத்துப் போட்டேன். இருபதாம் நாள் படியடியில் நடந்தது இரண்டாம் பக்கத்தில். போட்டேன். விரலை எடுத்ததும் சால்வையும் கதவும் மூன்றாம் பக்கத்தில். சால்வையின் நிறத்தைச் சாம்பல் என்று எழுதியிருந்தார். நீலம் என்று திருத்தினேன். அந்தப் பக்கத்தின் அடியில் நிபுணர் சேர்த்த ஒரு வரி இருந்தது. சோதனையில் கிடைத்த எண் செல்லாது என்று.

நிபுணர் பொறுமையாக விளக்கினார். ஓட்டை விழுந்த பிறகு புகை நேராகத் தண்ணீருக்குள் குமிழியிட்டு, தன் சூட்டையெல்லாம் அதிலேயே விட்டுவிட்டு வந்தது. எண் ஏறியது அதனால்தான். குழாயில் ஓட்டை போட்டால் எந்த இயந்திரமும் அதைக் கொடுக்கும். ஓட்டையை அடைத்துவிட்டு அவர் மறுபடி ஓட்டிப் பார்த்தாராம். எண்பத்தெட்டு.

"உங்க தொழில்ல இது உங்களுக்குத் தெரியாம இருக்காது," என்றார்.

ப்ரூன்ஸ் பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

"இந்த ஒரு வரிதான், ஆர்டிஸ். மத்ததெல்லாம் ஒத்துக்கிட்டீங்க. இதுனால உங்களுக்குக் கூடுதலா ஒண்ணும் ஆகப்போறதில்ல."

அவர் சொல்வது சரிதான். பார்க்கப்போனால் இருப்பதிலேயே சின்ன விஷயம் அது. ஆனால் அந்த வரி உண்மை என்றால், லவோன் ஒன்றுமே இல்லாததற்காகச் செத்துப்போனாள் என்றாகிவிடும். நாற்பத்துநான்கு வருடச் சிநேகிதியை ஒருத்தி அப்படிச் செய்வாளா?

"அந்த வரிய அடிச்சிடுங்க," என்றேன். "அதுக்கு மட்டும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."