காயப்போட்ட சிமெண்டு

"எங்க வீட்டுக்காரவுக சிமெண்ட மூணு நாளு வெயில்ல காயப்போட்டாக, மதினி" என்றாள் முன் சீட்டுக்காரி. போடியிலிருந்து தேனி போகும் பஸ்ஸில் எனக்குத் தூக்கம் போயிற்று.

"சிமெண்டையா?" என்றாள் மதினி.

"வீட்டுக்குத் தரை போட ஆபீசு ஆபீசா நடந்து பெர்மிட்டுல வாங்குன ரெண்டு மூட்டை, மழையில நனைஞ்சுபோச்சு. அவுக ஏலக்காய்க் கடையில வேலை பாக்குறவுக. நனைஞ்ச ஏலக்காயக் காயவச்சா மறுபடி ஏலக்காதான, இதுவும் அப்படித்தான்னு புரட்டிப் புரட்டி வச்சாக. பிரிச்சுப் பாத்தா, மூட்டை உருவத்துலயே கல்லு!"

"அடிப்பாவி! உப்பு நனைஞ்சா காஞ்சு உப்பாகும். சிமெண்டு தண்ணி பட்டா வேற பொருளாயிருமே!"

"அன்னைக்கு அதைச் சொல்ல ஆளில்லையே. ரெண்டையும் வாய்க்கால் ஓரம் உருட்டிவிட்டோம். இப்ப தெருவே அதுலதான் துணி துவைக்குது."

"அப்ப வீட்டுக்குத் தரை?"

"நேத்துத்தான் மறுபடி பெர்மிட்டுல சிமெண்டு கெடைச்சுச்சு. நாளைக்குக் கொத்தனாரு வாராக."

மதினி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "மானம் கருத்துக் கெடக்கே. மூட்டைய எங்கன வச்சிருக்க?"

"கட்டில் மேல, ஜமுக்காளத்தப் போத்தி வச்சிருக்கோம். நாங்க ரெண்டு பேரும் கீழ மண்தரையில. இன்னும் ஒரு ராத்திரிதான், மதினி."