வந்த சீட்டு

திருச்செங்கோட்டில் வேலை இல்லை என்றார்கள். சேலம் பேருந்தில் ஏறிக் கம்பியைப் பிடித்து நின்றேன். பக்கத்து இருக்கையில் ஒரு பெண் தன் அப்பாவிடம், "கடக்கரைப் பாறையில எண்ணெய நானே ஊத்தப் போறேனுங்கப்பா" என்றாள்.

"ஏஞ்சாமி, அதுக்கா உன்னப் படிக்க வெச்சேன்?"

"கப்பல் எண்ணெய் கொட்டுனா நத்தைக்கு என்ன ஆகுதுன்னு பாக்கோணுமுங்க. பாதிப் பாறைல ஊத்தி, மீதிய சும்மா உட்டுருவேன். எந்தெந்தப் பாறைல ஊத்தறதுன்னு சீட்டுப் போட்டு எடுத்தாச்சு. எங்க சாரு, நத்தை கம்மியா இருக்கற பாறையா மாத்திக்கங்கறார். அப்பத்தான் சேதம் பெருசாத் தெரியுமாமா. மாத்தலீன்னா என்ற ஆராய்ச்சில கையெழுத்துப் போட மாட்டாராமா."

"கோயல்ல பொட்டலம் எடுத்துப் பூக் கேக்கற மாதிரிதான? ஒத்து வரலீன்னா மறுக்கா எடுத்துக்க."

"போர் போடற ரிக் வண்டி வாங்கறப்ப நீங்களும், சாமி சரின்னு வெள்ளப்பூ குடுக்கற வரைக்கும் கேட்டீங்க. வண்டி ஓடுதுங்களா?"

முன்சீட்டுக்காரர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

"பட்டம் போச்சுன்னா?"

"போகட்டுமுங்க. வந்த சீட்டு வந்ததுதான்."

சங்ககிரியில் பேருந்து நின்றது. அப்பா இறங்க எழுந்தபோது சொன்னார்: "ஊத்தற அன்னிக்கு நானும் வாரேன். உங்க சாரு எங்கிட்டப் பேசட்டும்."