இந்த வருடம் தோற்கும் எஞ்சின்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும், பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மயிலாப்பூரில் ஏறிய பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு மெக்கானிக்கும், எஞ்சினைக் கழற்றிப் போட்டிருந்த காரின் சொந்தக்கார இளைஞரும் இருந்தார்கள்.

"இந்த வருசம் ரேஸ்ல தோத்துடு நைனா," என்றார் மெக்கானிக்.

"என்னண்ணே, உங்க வாயாலயா இப்படி?"

"அடுத்த வருசம், காத்த அமுக்கி உள்ள தள்ளி வேகத்தக் கூட்டுற டர்போ மாட்டப்போறேன்னு சொன்ன இல்ல? அதோட அழுத்தத்தத் தாங்குற பிஸ்டன் போட்டா, இப்போதிக்கு வண்டி மந்தமாத்தான் போவும். இப்பவே பறக்குற பிஸ்டன் போட்டா, டர்போ மாட்டுன அன்னிக்கே புட்டுக்கும். உன் காசுக்கு ரெண்டுல ஒண்ணுதான் போட முடியும்."

"கூட ரேஸ் ஓட்டுற என் மச்சான் சிரிப்பானே!"

"சிரிக்கட்டும். யார் செஞ்ச வண்டின்னு கேட்டா என் பேரச் சொல்லு."

பாண்டி பஜாரில் இளைஞர் எழுந்தார். "தாங்குறதே போடுங்கண்ணே."

தோற்கப்போகும் வண்டிக்குத் தன் பெயரைக் கொடுத்த மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

எழுதி முடித்தது: 4-8-1996, ஞாயிறு.