உள்ளே மடித்த துணி

"ஏண்டி, இந்தத் துணி துவைக்கத் துவைக்கச் சுருங்குமா?" என்று அக்கா ஒருநாள் கேட்டாள். சுருங்காது என்றேன். அது உண்மை. அந்த நீலக் கால்சட்டை நைலான் கலந்த துணி. கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் அப்படியே இருக்கும். துணி விஷயத்தில் நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். வகுப்பில் எழுந்து நின்றால் வாய் திறக்காது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அக்காதான் பழைய தையல் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டு, "யார்கிட்டயும் பேச வேணாம், தலையைக் குனிஞ்சு தைச்சா போதும். உனக்குன்னே கண்டுபிடிச்ச வேலை" என்றாள். துணி கொண்டுவருபவர்களிடம் எனக்காக அவளே பேசினாள். வெளியே போனால் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். அகலமான முதுகு. எனக்கு அது போதுமாக இருந்தது.

தீயணைப்புத் துறைக்குப் பெண்களை எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவள் உடம்பைக் குறைக்கக் கிளம்பினாள். மணல்மூட்டையைத் தோளில் போட்டு மாடிப்படி ஏறிக் காட்டவேண்டும். தேர்வானால் வெளியூர் விடுதியில் பயிற்சி. பிறகு எங்கே போடுகிறார்களோ அங்கே.

உடற்பயிற்சிக் கூடத்து மாஸ்டர் நல்ல மனிதர். அவர் சொன்னதை அக்கா அவர் குரலிலேயே எனக்குச் சொல்லிக்காட்டினாள். "பட்டினி கிடந்து இளைக்காதம்மா. முட்டை, பயறு, சோறு எல்லாம் அளவா சாப்பிடு, வெயிட் தூக்கு. கொழுப்பு கரையும், சதை ஏறும். எடை மெஷின் முள்ளு அசையாது, அதைப் பாத்து பயப்படாத. பழைய துணி ஒண்ணை வாராவாரம் போட்டுப் பாரு. அது தளர்ந்தா நீ சரியா போறேன்னு அர்த்தம்."

அவள் நீலக் கால்சட்டையைத் தேர்ந்தெடுத்தாள். அதை என் தையல் துணிகளோடு அலமாரியில் வைத்தாள்.

கொஞ்ச நாளில் அது தளர்ந்தது. "இங்க பாரு, விரல் உள்ள போகுது" என்று இடுப்பைக் காட்டியவள், அந்தச் சந்தோஷத்தில் என்னை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். மூச்சுக்கூட வாங்கவில்லை. இப்படித் தூக்குகிறவள் மணல்மூட்டையையும் தூக்கிவிடுவாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் அவள் வெளியே போனதும் கால்சட்டையின் இரண்டு பக்கத் தையலையும் ஒரு நூலளவு உள்ளே பிடித்துத் தைத்தேன். அடுத்த வாரம் இன்னொரு நூலளவு. அவளுடைய மற்ற உடைகளையும் நான் விடவில்லை. பழைய நூலின் நிறத்திலேயே நூல் தேடிப் பிடித்தேன். மிஞ்சிய துணியை வெட்டவில்லை, உள்ளே மடித்துவிட்டேன். நல்ல தையல்காரி வெட்டமாட்டாள். வேண்டும்போது பிரித்துக்கொள்ளலாம்.

அக்கா முதலில் முட்டையை நிறுத்தினாள். பிறகு சோறு. நான் அவளுக்குத் தட்டு வைக்காத வேளை கிடையாது, தள்ளிவிட்டது அவள்தான். "எளச்சு துரும்பாயிட்டா" என்று அம்மா புலம்பினால், "உன் கண்ணுக்கு நான் எப்பவும் துரும்புதாம்மா. துணி பொய் சொல்லாது" என்பாள். சாப்பிடுகிறாயா என்று கேட்ட மாஸ்டரிடம் சாப்பிடுவதாகச் சொன்னாள். பாருங்கள், பொய் சொன்னது அவள்.

மாடிப்படியில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. கூட்டி அள்ளியது நான்தான். ஒருநாள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, "எனக்கு மட்டும் ஏண்டி இறங்கவே மாட்டேங்குது?" என்று அழுதாள். அவள் தலையை மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தேன். அவ்வளவு நெருக்கமாக நாங்கள் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

தேர்வுக்கு அந்தக் கால்சட்டையையே போட்டுக்கொண்டு போனாள். "இது மேல இருக்கிற கோவத்துலயே ஏறிடுவேன்" என்றாள். பாதிப் படியில் கால் மடங்கி, மூட்டையோடு உருண்டாள். முழங்கால் நொறுங்கிவிட்டது. வீட்டுக்குள் நடக்கலாம், இனி பாரம் தூக்கவே கூடாது என்று மருத்துவர் சொன்னார். இந்த உடம்போடு மூட்டை தூக்க அனுப்பினீர்களே என்று அம்மாவைத் திட்டினார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வீங்கின காலிலிருந்து கழற்ற முடியாமல் மருத்துவமனையில் கால்சட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து, ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதை நான்தான் எடுத்து ஒளித்திருக்க வேண்டும். தோன்றவில்லை. மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்த அக்கா பையைப் பிரித்தாள். வெட்டுப்பட்ட இடத்தில் உள்மடிப்பு வெளியே தெரிந்தது. வரிசை வரிசையாகத் தையல்கள், ஒன்றையொட்டி ஒன்று, எல்லாம் நேர்கோடாக. நகத்தால் ஒரு தையலைப் பிரித்தாள். பிறகு அடுத்ததை. துணி அகன்றுகொண்டே போனது. அதை இடுப்பில் சுற்றிப் பார்த்தாள். இன்னொரு ஆள் நுழையும் அளவு இடம் இருந்தது.

தையல் மெஷினைப் பார்த்தாள். அப்புறம் என்னை.

எனக்கு வாய் திறந்தது. "முழுசா பிரிச்சுக் குடுத்துடறேன்க்கா. துணி ஒண்ணும் வீணாகல, எல்லாம் உள்ளதான் இருக்கு" என்றேன். அதைத்தான் நான் முதலிலிருந்தே நினைத்திருந்தேன்.

அவள் கால்சட்டையை மெஷின் மேல் வைத்தாள். ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள். தாங்கப் போன என் கையைத் தொடாமல் சுவரைப் பிடித்தாள். வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.