இருபத்தெட்டாவது வாரம்

— தப்பா எடுத்துக்காதீங்க சார், இந்த வண்டிக்கு அந்த டயர் வேண்டாம்.

— ஏம்ப்பா, அளவு சரியா இருக்குல்ல?

— அளவு சரிதான். ஆனா இது கல்லு மாதிரி ரப்பர். டாக்சிக்காரங்க கேட்டு வாங்குவாங்க, தேயவே தேயாது. நீங்க கொண்டு வந்திருக்கிறது ரெண்டு கதவு, குட்டி வண்டி. ஆனா உள்ளே கிடக்கிறது குதிரை. மிதிச்சா பாயும். பாயற வண்டியைப் பிடிச்சு நிறுத்த கொஞ்சம் மெத்துன்னு இருக்கிற ரப்பர் வேணும் சார்.

— பாயவும் வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம். ஞாயித்துக்கிழமை விக்கப்போறோம். வாங்கறவர் நாலு டயரும் புதுசா இருக்கணும்னு சொல்லிட்டார். பார்க்கப் புதுசா இருந்தா போதும்.

— விக்கப்போறோம்னு யாருங்க முடிவு பண்ணினது?

— ஆரம்பிச்சிட்டியா? அதெல்லாம் வீட்ல பேசி முடிச்சாச்சு.

— நீங்க பேசினீங்க. நான் பாத்திரம் கழுவிட்டிருந்தேன்.

— வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னியா அப்ப?

— இப்பச் சொல்றேன். வேண்டாம்.

— நான் சொல்றதைக் கேளு. கடையில நின்னு மானத்தை வாங்காத.

— தம்பி, மழையில ரோட்டைப் பிடிக்கிற டயர் எது? அதைக் காட்டுங்க.

— இதோ இதுதான் மேடம். நடுவுல பாருங்க, வாய்க்கால் வெட்டின மாதிரி நாலு கோடு. தண்ணியை வாரி வெளிய தள்ளிடும். தப்பா எடுத்துக்காதீங்க, விலை ஒன்றரை மடங்கு. தேயறதும் சீக்கிரம் தேயும்.

— தேயட்டும். தேயுதுன்னா ரோட்டைப் பிடிச்சிருக்குன்னுதானே அர்த்தம்?

— அதேதான் மேடம்.

— நல்லா இருக்கே கதை! சீக்கிரம் தேயறதுக்குக் கூடுதல் விலையா? சரி, அதைப் போட்டு யார் ஓட்டப்போறா?

— நான்.

— நீயா? எட்டு மாசம் முன்னாடி ஓட்டின லட்சணம் போதாதா? நம்ம குட்டிக்குத் தோள் எலும்பு கூடினதே இப்பத்தான்.

— தெரியும். இன்னமும் ஸ்கூல் பையை ஒரு தோள்லதான் மாட்டறா. தினம் காலையில வாசல்ல நின்னு பார்க்கிறது நான்தானே.

— தெரியுதுல்ல? லைப்ரரி வளைவுல, மழையில, எழுபதுல திருப்பினா வண்டி சுத்தாம கும்பிடா போடும்?

— நாற்பதுங்க.

— எழுபது.

— நாற்பது. எத்தனை பேர்கிட்டங்க எழுபதுன்னு சொன்னீங்க? உங்க அக்காகிட்ட, பக்கத்து வீட்ல, எங்க ஆஸ்பத்திரி வராந்தாவுல என்னோட வேலை பார்க்கறவங்ககிட்ட. கேட்டுக் கேட்டு எனக்கே எழுபதுதானோன்னு ஆயிடுச்சு. முள்ளு நாற்பதுல நின்னதை என் கண்ணால பார்த்திருக்கேன். அந்தக் கண்ணையே நான் நம்பலை. பஸ்ல உட்கார்ந்திருக்கும்போதுகூட வளைவு வந்தா என் வலது கால் தானா தரையை அழுத்துது, இல்லாத பிரேக்கை.

— அதான் சொல்றேன், உனக்கு ஒத்துவராது. நாற்பத்தஞ்சு வயசுல காலேஜ் பையன் மாதிரி சிவப்பு வண்டி. ஊரே சிரிச்சுது.

— என் சம்பளத்துல வாங்கினது. சிரிச்சவங்க யாரும் பெட்ரோல் போடலை.

— உன் வாய்க்கு ஒரு பிரேக் இருந்தா தேவலை.

— இருக்கட்டும். வீட்டுலேர்ந்து இந்தக் கடைக்குப் பத்து நிமிஷம். இன்னிக்கு முக்கால் மணி நேரம் ஓட்டினீங்க. வெறும் தூறல். ஒரு சைக்கிள்காரர் நம்மளைத் தாண்டிப் போயிட்டு, என்னமோ ஏதோன்னு திரும்பிப் பார்த்தார்.

— ஜாக்கிரதையா வந்தேன். அது ஒரு குத்தமா?

— குத்தமில்லை. கேட்டேன்.

— இந்தாப்பா, பேச்சு வளர வேண்டாம். விலை குறைஞ்சதையே நாலும் போட்டுடு. ஆனா ஒண்ணு, தேதி பார்த்துப் போடு. கிடங்குல கிடந்த பழசை என் தலையில கட்டிடாத.

— என்ன தேதிங்க?

— ம்?

— தேதி பார்த்துப் போடச் சொன்னீங்களே. டயர்ல என்ன தேதி?

— அது... எல்லாத்துலயும் இருக்கிறதுதான்.

— இருபது வருஷமா ரத்த வங்கியில இருக்கேன். ஒவ்வொரு பையிலயும் தேதி பார்க்காம ஒரு சொட்டு வெளிய போனதில்லை. டயர்லயும் தேதி இருக்கும்னு அந்த எனக்கே தோணலை. வண்டிக்கு ஆயில் எங்க ஊத்தறதுன்னு தெரியாத உங்களுக்கு யாருங்க சொன்னா?

— எங்கேயோ படிச்சேன். விடு.

— தம்பி, அது எங்க இருக்கும்?

— பக்கவாட்டுல மேடம். சின்னதா நாலு எண். முதல் ரெண்டும் வாரம், அடுத்த ரெண்டும் வருஷம். டயர் தயாரான நாள் அது.

— எங்க வண்டியில இருக்கிறதைப் படிங்க.

— அது கழட்டிப் போடற டயர்! அதைப் படிச்சு என்ன ஆகப்போகுது? நீ வேலையைப் பாருப்பா.

— படிங்க தம்பி.

— தப்பா எடுத்துக்காதீங்க சார், மேடம் கேக்கறாங்க. இருபத்தெட்டு, பதினஞ்சு. ரெண்டாயிரத்துப் பதினஞ்சாம் வருஷம், இருபத்தெட்டாவது வாரம்.

— நாலுமா?

— நாலும் ஒண்ணாப் பிறந்ததுதான். ரோட்டைத் தொடற பட்டனைப் பார்த்தா புதுசு மாதிரி, ஒரு கோடுகூடத் தேயலை. எங்கேயோ ஓடாமலே கிடந்திருக்கு. கிடந்தாலும் வயசாகும்ல? ரப்பர் செத்துப்போச்சு. நகத்தால கீறிப் பாருங்க, பலகை. ஈர ரோட்டுல இதைப் போட்டுக்கிட்டுத் திரும்பினா நாற்பதுலயே வழுக்கும்.

— எவ்வளவுல?

— நாற்பதுல மேடம்.

— கடையை மூடற சிநேகிதர்கிட்ட அடிமாட்டு விலைக்குக் கிடைச்சுதுன்னு சீட்டி அடிச்சுட்டு வந்தீங்களே, அந்த நாலு டயர். நீங்க மாத்தி ரெண்டே மாசம், வண்டி சுத்துச்சு.

— பட்டன் புதுசா இருந்துச்சும்மா. எல்லாரும் அதைத்தானே பார்ப்பாங்க? சத்தியமா அப்ப எனக்குத் தெரியாது.

— நம்பறேன். எப்பத் தெரிஞ்சுது?

— சார், நான் வேணா உள்ளே போய் ஜாக்கியை எடுத்துட்டு...

— நில்லுங்க தம்பி. எட்டு மாசமா எல்லார் முன்னாடியும் பேச்சு வாங்கினேன், இதையும் ஒருத்தர் முன்னாடி கேக்கறேன். எப்பங்க தெரிஞ்சுது?

— இன்ஷூரன்ஸ்காரர் வந்து பார்த்தாரே, அன்னிக்கு.

— அது நாலாவது நாள்.

— சொல்லணும்னுதான் இருந்தேன். குட்டிக்குக் கட்டுப் பிரிக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு. நாள் தள்ளிப்போச்சு. அதுக்குள்ள எல்லார்கிட்டயும் எழுபதுன்னு சொல்லியாச்சு. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு மாத்திச் சொல்றது?

— அதுக்காக என் மூஞ்சியைக் குனிய வச்சீங்க.

— இப்ப என்ன, நான் உன் கால்ல விழணுமா?

— வேண்டாம். அந்தக் கால் எனக்கு பிரேக் மிதிக்க வேணும். சாவியைக் குடுங்க.

— ஞாயித்துக்கிழமைக்கு வாக்குக் குடுத்திருக்கேன்மா.

— வண்டி என்னோடது. வாக்கு உங்களோடது. அதை வேணா வித்துக்கோங்க. சாவி.

— இந்தா. நான் சொல்றதைக் கேளு... இல்லை, கேக்கறேன், கெஞ்சிக் கேக்கறேன். குட்டிக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். நீ ஓட்டினா ஏற மாட்டேன்னு அவ அன்னிக்கு அழுதப்ப, அப்பா இருக்கேன்னு நான்தானே ஸ்கூட்டர்ல ஏத்திக்கிட்டேன். தினம் என் முதுகுல கன்னத்தை வச்சுக்கிட்டுத்தான் வர்றா. அது போயிட்டா எனக்கு ஒண்ணுமில்லை.

— தம்பி, அந்த வாய்க்கால் வெட்டின டயர் நாலும் போட்டுடுங்க.

— எடுத்து வச்சாச்சு மேடம். நீங்க சொல்லிவச்சது வெள்ளிக்கிழமையே வந்துடுச்சு.

— வெள்ளிக்கிழமையா? இவ எப்ப இங்க வந்தா?

— தப்பா எடுத்துக்காதீங்க சார். மேடம் போன வாரம் பஸ்ல வந்தாங்க. உங்க டயரைப் போன்ல படம் எடுத்துட்டு வந்து காட்டினாங்க.

— அப்போ எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் என்னை இந்தக் கடைக்குக் கூட்டிட்டு வந்தியா?

— டயரோட வயசு தெரியும். அது உங்களுக்கும் தெரியும்கிறது இப்பத்தான் தெரிஞ்சுது.

— வண்டி ஷெட்டுக்குள்ள. பூட்டுச்சாவி என் பையில. நீ எப்படிப் படம் எடுத்தே?

— நான் எடுக்கலை. ஷட்டருக்கு அடியில நுழையற உடம்பு நம்ம வீட்ல ஒருத்திக்குத்தான் இருக்கு. நாலு மணிக்கு ஸ்கூல் வாசல்ல நிப்பா. அப்பாவுக்கு டயர் விஷயம் தெரியாதுன்னா அவரை ஸ்கூட்டர்ல அனுப்பு, தெரிஞ்சிருந்தா நீயே வண்டியை எடுத்துட்டு வாம்மான்னு சொல்லியிருக்கா.